கொடிமரம் வரை

எங்கள் எதிர் வீட்டில் ஓர் ஆச்சி இருக்கிறார். எழுபது வயதைக் கடந்தவர். நாங்கள் சென்னையில் அந்தக் குடியிருப்புக்கு வந்து பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. ரமளான் பிறை பிறந்துவிட்டால் நோன்புக் கஞ்சிக்காக அவருடைய தூக்குச்சட்டி எங்கள் அடுப்பங்கரைக்கு வந்து சேரும். கார்த்திகை வந்தால் அவர் வீட்டுப் பொரியுருண்டை எங்கள் வீட்டுத் தட்டில் இருக்கும். இந்தப் பழக்கத்தை நான் பெருமையோடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். மத நல்லிணக்கம் பற்றிய கூட்டங்களில் ஓரிரு முறை மேடையிலும் சொல்லியதுண்டு.

சென்ற ஆண்டு ஒரு மாலையில் அந்தப் பெருமை கலைந்தது. என் மனைவி கொடுத்தனுப்பிய பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பத்து வயது மகன் ஆச்சியின் வீட்டுக்குச் சென்றான். நானும் ஏதோ வேலையாகப் பின்னே சென்றேன். ஆச்சி மாடத்து விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாடத்தில் இருந்த சுவாமி படத்தைச் சுட்டிக்காட்டி, என் மகன் ஒரு கேலிச்சொல்லைச் சொல்லிச் சிரித்தான். எங்கிருந்து கற்றானோ, யாரிடம் கேட்டானோ, அந்தச் சொல்லை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. விளக்கைத் துடைத்த ஆச்சியின் கை நின்றது. அவர் அவனைக் கடியவில்லை. "பாத்திரத்தை அங்கே வைத்துவிட்டுப் போப்பா" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அவனைக் கண்டித்தேன். "ஏன் வாப்பா, அது பொய்த் தெய்வம்தானே? நாம் அல்லாஹ் ஒருவனைத்தானே வணங்குகிறோம்?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அவனுக்குத் தவ்ஹீதைக் கற்பித்திருந்தேன். அதனோடு சேர்த்துக் கற்பித்திருக்க வேண்டிய ஒன்றைக் கற்பிக்காமல் விட்டிருந்தேன். திருக்குர்ஆனின் அல்அன்ஆம் அத்தியாயத்தில் 108ஆம் வசனம், பிறர் அல்லாஹ்வையன்றி எவற்றை அழைக்கிறார்களோ அவற்றை ஏசலாகாது என்று நமக்கு வெளிப்படையாகவே தடை விதிக்கிறது. ஓரிறைக் கொள்கையை இம்மண்ணில் நிலைநாட்ட வந்த வேதமே விதித்த தடை அது. வசனத்தின் பொருளைச் சொன்னேன். அவன் தலையசைத்தான். ஆயினும், அவன் உள்ளத்தில் அது இறங்கியதாகத் தெரியவில்லை. காணாத ஒன்றை மதிக்கச் சொன்னால் குழந்தை எவ்வாறு மதிக்கும்? எதிர் வீட்டார் எதை நினைத்து விளக்கேற்றுகிறார்கள் என்பதைப் பதினோர் ஆண்டுகளில் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், நானும் அவனுக்குச் சொன்னதில்லை.

அன்றிரவே முடிவு செய்தேன். அடுத்து வந்த விடுமுறை நாளில் குடும்பத்தோடு மயிலாப்பூருக்கும் திருவல்லிக்கேணிக்கும் செல்வது, அங்குள்ள இரு பெருங்கோயில்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுவது என்று.

என் மாமியார் நாகூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். செய்தியைக் கேட்டதும் தஸ்பீஹைக் கீழே வைத்தார்.

"பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போவார்கள், மிருகக்காட்சிச் சாலைக்குக் கூட்டிப் போவார்கள். கோயிலுக்கு யாராவது கூட்டிப் போவார்களா, மாப்பிள்ளை?"

"வணங்கப் போகவில்லை, மாமி. பார்த்து அறிந்துவரத்தான் போகிறோம்."

"பார்க்கப் போகிற பிள்ளையின் மனம் எப்படித் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?"

அந்த அச்சத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஈமானைப் பேணிக் காக்கவேண்டும் என்ற கவலையில் பிறந்த அச்சம் அது. "அதனால்தான் நீங்களும் உடன் வரவேண்டும் என்கிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எங்கள் எல்லாருடைய மனமும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. காலையில் பார்த்தால் எல்லாருக்கும் முன்னதாக வெள்ளைத் துப்பட்டியை எடுத்து மடித்துவைத்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்திருந்தார்.

சுபுஹு தொழுகை முடிந்து, வெயில் ஏறுமுன் மயிலாப்பூரை அடைந்தோம். கபாலீசுவரர் கோயிலின் மேற்கே பரந்து கிடக்கும் குளக்கரையில் முதலில் நின்றோம். படிகளும் நடுவே நீராழி மண்டபமும் காலை வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் குளத்தின் நிலம் ஆர்க்காட்டு நவாபால் வழங்கப்பட்டது என்பதும், முஹர்ரம் நாளில் முஸ்லிம்கள் அக்குளத்தைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவர்கள் என்பதும் மயிலையில் வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்திகள். அதைக் கேட்டதும் மாமியின் முகத்தில் சற்றுத் தெளிவு பிறந்தது.

"எங்கள் ஊரில் பெரிய மினாராவை யார் கட்டினது என்று நினைக்கிறாய்?" என்று பேரனைக் கேட்டார்.

"நவாபா, உம்மம்மா?"

"இல்லை. தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப சிங். 131 அடி உயரம். கடலில் போகிறவர்களுக்குக்கூடத் தெரியும்."

நாகூரில் பிறந்து வளர்ந்தவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயர்ந்ததான அது ஓர் இந்து மன்னரின் காணிக்கை. நவாபின் குளமும் மராட்டிய மன்னரின் மினாராவும் ஒன்றுக்கொன்று பதில்போல என் மகனின் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். கோயிலுக்குள் நுழையும்வரை அவன் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தான்.

கோயிலின் கிழக்கே நிற்கும் ஏழுநிலைக் கோபுரம் ஏறத்தாழ 120 அடி உயரம் உடையது. 1906இல் எழுப்பப்பட்டது. கோயிலோ அதைவிடப் பழையது. முன்னாளில் அது கடற்கரையில் இருந்ததென்றும், போர்த்துகீசியர் காலத்தில் அழிவுற்றதென்றும், பின்னர் இப்போதுள்ள இடத்தில் கட்டப்பட்டதென்றும் ஆய்வாளர் கூறுவர். ஒரு வழிபாட்டிடம் அழிக்கப்பட்டதன் வலியை அறியாத சமுதாயம் இந்த நாட்டில் எதுவுமில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது என் குரல் சற்றுத் தாழ்ந்தது.

செருப்புகளை வெளியே விட்டுவிட்டு உள்ளே சென்றோம். வெளிப்பிராகாரத்தில் புன்னை மரம் ஒன்று நிற்கிறது. அதுவே அத்தலத்தின் மரம். உமையம்மை மயில் வடிவெடுத்து அங்கே சிவனை வழிபட்டாள் என்பது தலபுராணம். மயிலை என்ற பெயருக்கும் அதையே காரணமாகச் சொல்கிறார்கள். பாம்பு தீண்டி இறந்துபோன வணிகர் மகள் பூம்பாவையை, அவளுடைய எலும்பும் சாம்பலும் இருந்த குடத்திலிருந்து திருஞானசம்பந்தர் பதிகம் பாடி எழுப்பினார் என்பது இன்னொரு வரலாறு. மகள் இவற்றையெல்லாம் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அவளுக்கு வயது பதினைந்து. பழைய கட்டடங்கள் என்றால் உயிர்.

நாங்கள் நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து ஒரு பெரியவர் அருகே வந்தார். என் தொப்பியையும் பெண்களின் முக்காட்டையும் பார்த்தவர், "வாருங்கள், வாருங்கள்" என்று வரவேற்றுத் தாமே பல செய்திகளைச் சொல்லத் தொடங்கினார். என் மகன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். பிறகு கேட்டேவிட்டான்.

"தாத்தா, கல்லைத்தானே நீங்கள் கும்பிடுகிறீர்கள்?"

எனக்குப் பூமி பிளந்துகொள்ளக் கூடாதா என்றிருந்தது. பெரியவரோ சிரித்தார். "தம்பி, இந்தக் கேள்வியை நானும் உன் வயதில் என் தகப்பனாரிடம் கேட்டிருக்கிறேன்" என்று தொடங்கி, தம் வழிபாட்டின் பொருளைத் தாம் அறிந்த வகையில் சொன்னார். அவர் சொன்ன விளக்கம் என் நம்பிக்கையன்று. அதை நான் ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். எனினும், ஒரு சிறுவனின் முரட்டுக் கேள்விக்கு அவர் காட்டிய பொறுமையை நான் மறக்கமாட்டேன். நம் பள்ளிவாசலுக்கு வந்து ஒரு பிற சமயச் சிறுவன், "காலி இடத்தைப் பார்த்துத்தானே குனிகிறீர்கள்?" என்று கேட்டால், நம்மில் எத்தனை பேர் சிரித்த முகத்தோடு அவனை அருகே உட்காரவைத்துப் பதில் சொல்வோம்? மகனும் அவர் பேசி முடிக்கும்வரை கைகட்டிக் கேட்டுக்கொண்டு நின்றான்.

கொடிமரத்தின் அருகே வந்ததும் நான் நின்றுவிட்டேன். தமிழ்நாட்டுக் கோயில்களில் பிற சமயத்தார் அந்த இடத்தோடு நிற்பது நெடுநாளைய மரபு. 2024 ஜனவரியில், பழனிக் கோயில் தொடர்பான வழக்கில், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் இந்துக்கள் அல்லாதார் கொடிமரத்தைத் தாண்டிச் செல்லலாகாது என்று அறிவிப்புப் பலகை வைக்கும்படி உத்தரவிட்டது. அத்தெய்வத்தின்மீது நம்பிக்கை உண்டென்று உறுதிமொழி எழுதித் தருவோர் செல்லலாம் என்றும் அதில் கூறப்பட்டிருந்தது.

மகளின் முகம் வாடியது. உள்ளே தூண்களும் சிற்பங்களும் அரையிருளில் தெரிந்தன. அவள் மெல்ல என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: "வாப்பா, முக்காட்டைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது? கும்பிடவா போகிறேன்? கூட்டத்தோடு போய்ச் சிற்பங்களை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேனே."

"கூடாது" என்றேன்.

"நாம் எல்லாரும் மனிதர்கள்தானே? ஏன் தடுக்கிறார்கள்?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. பதில் தெரியாமல் இல்லை. அந்தப் பதிலைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்ற ஐயம் என் நாவைக் கட்டியது. "மாலையில் சொல்கிறேன்" என்றேன். நாங்கள் வெளியே வந்தபோது, முழங்கால் வலிக்கிறதென்று சொல்லி வெளியிலேயே தங்கிவிட்ட மாமி, ஒரு பூக்காரப் பெண்ணோடு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொண்டிருந்தார். இருவருக்கும் ஒரே முழங்கால் வலி.

மயிலாப்பூரில் ஒரு சைவ உணவு விடுதியில் பசியாறிவிட்டு, டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலை வழியாகத் திருவல்லிக்கேணிக்குப் புறப்பட்டோம். அந்தச் சாலையில்தான் சூஃபிதார் என்னும் ஆலயம் இருக்கிறது. நாட்டுப் பிரிவினையின்போது சிந்து மாநிலத்திலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் அவர்கள் உருவாக்கியது. பல சமய ஞானியரின் படங்கள் அங்கே உண்டு. அதன் தொண்டர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒவ்வொரு ரமளானிலும் சைவ உணவு சமைத்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்து நோன்பாளிகளுக்கு இஃப்தார் பரிமாறி வருகிறார்கள். பிரிவினையில் வீடிழந்து வந்தவர் நெஞ்சில் கசப்பை வளர்த்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவரோ நோன்பாளிக்கு உணவளிக்கும் வழக்கத்தை வளர்த்துவிட்டுப் போனார். பேருந்தின் சன்னல் வழியாக அந்தக் கட்டடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன்.

திருவல்லிக்கேணியில் எங்கள் உறவினர் வீடு ஒன்று உண்டு. பெண்கள் லுஹர் தொழுகைக்கு அங்கே தங்க, நானும் மகனும் வாலாஜா பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றோம். ஆர்க்காட்டு நவாப் குடும்பத்தாரால் 1795இல் கட்டப்பட்ட பள்ளி அது. மரமும் இரும்பும் சேர்க்காமல் கருங்கல்லாலேயே எழுப்பப்பட்டது என்பார்கள். கண்ணியத்துக்குரிய காயிதெ மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்கள் 1972இல் மறைந்தபின் அடக்கம் செய்யப்பட்டதும் அப்பள்ளி வளாகத்திலேதான். தொழுகைக்குப்பின் அவர்களின் கப்ரை ஸியாரத் செய்துவிட்டு வந்தோம்.

பகல் உணவு முடிந்ததும் உறவினர் வீட்டுத் திண்ணையில் மகளின் குறிப்பேட்டை வாங்கி, "திக்ருல்லாஹி அக்பர்" என்று அரபியில் எழுதினேன்.

"இதன் எழுத்துகளை எண்ணாக்கிக் கூட்டு, பார்க்கலாம்."

அப்ஜத் கணக்கு அவளுக்கு மத்ரஸாவில் விளையாட்டாகப் பழகியது. தால் 700, காஃப் 20, ரே 200, சேர்த்து 920. அல்லாஹ் என்பது 66. அக்பர் என்பது 223. மூன்றையும் கூட்டினாள்.

"1209, வாப்பா."

"ஹிஜ்ரீ 1209. வாலாஜா பள்ளி எழுந்த ஆண்டு. இந்தச் சொற்களைக் காலக்குறிப்பாக அமைத்துப் பார்ஸியில் பாடிக் கொடுத்தவர் யார் தெரியுமா? ராஜா மக்கன்லால். நவாபிடம் பணியாற்றிய இந்துப் புலவர். அவருடைய வாசகம் பள்ளியில் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது."

மகள் அந்த எண்ணை இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். "அப்படியானால் அவரைப் பள்ளிக்குள் விட்டார்களே, வாப்பா. நம்மைக் கோயிலுக்குள் விடவில்லையே?"

காலையில் விட்ட கேள்வி திரும்பி வந்துவிட்டது. மாலைவரை காத்திருக்க அவள் விரும்பவில்லை என்பது தெரிந்தது. ஆயினும் அதற்குரிய இடம் வேறொன்று இருந்தது.

நான்கு மணிக்குப்பின் பார்த்தசாரதி கோயிலுக்கு நடந்தோம். அல்லி பூத்த கேணி இருந்த ஊர் ஆதலின் திருவல்லிக்கேணி. கோயில் பல்லவர் காலத்தது. எட்டாம் நூற்றாண்டில் அரியணை ஏறிய தந்திவர்மப் பல்லவனின் கல்வெட்டு அங்கே உண்டு. அர்ச்சுனனுக்குத் தேரோட்டியாக வந்த கண்ணனே அங்குள்ள பெருமாள். ஆதலின் மூலவருக்கு மீசை உண்டென்றும், உற்சவரின் முகத்தில் பீஷ்மரின் அம்பு பட்ட தழும்புகள் உண்டென்றும் சொல்வார்கள். இந்தக் கோயில் யானைதான் 1921இல் பாரதியாரைத் தாக்கியது. அதற்கு முந்தின ஆண்டில் அதே பாரதியார் பொட்டல்புதூரில் முஸ்லிம்கள் நடுவே நின்று இஸ்லாத்தின் மேன்மையைக் குறித்துச் சொற்பொழிவாற்றினார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். அவருடைய இல்லம் இன்று நினைவில்லமாகக் கோயிலுக்கு அருகிலேயே இருக்கிறது.

கோயிலுக்குள் கொடிமரத்தருகே சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, வெளியே வந்து பக்கத்துத் தெரு ஒன்றில் ஒரு கட்டடத்தின் முன் அவர்களை நிறுத்தினேன். நான்கு மாடிக் கட்டடம். முன்பு அவ்விடத்தில் ஓட்டு வீடு ஒன்று இருந்தது.

முப்பது ஆண்டுகளுக்குமுன் இந்த நகரில் நான் கல்லூரி மாணவன். என் உயிர்த்தோழனின் வீடு அது. அவனுடைய தாயார் என்னை என் பெயர் சொல்லியே அழைப்பார். விடுதிச் சாப்பாட்டில் நாச்செத்துப் போனவனுக்கு அவர் கையால் வட்டித்த தயிர்சாதம்தான் வாரம் ஒருமுறை உயிர் கொடுத்தது. வெள்ளிக்கிழமை நான் போனால், "ஜும்ஆவுக்கு நேரமாகவில்லையா?" என்று அவரே எழுப்பி அனுப்புவார்.

ஒருநாள் விளையாட்டாகத் தோழன் என் நெற்றியில் நாமம் இட்டான். வேறொரு பெயரையும் சூட்டினான். இருவரும் கோயிலுக்குள் சென்றோம். கொடிமரத்தைக் கடந்தோம். யாரும் தடுக்கவில்லை. உள்ளே அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்கள். தோழன் எனக்குச் சூட்டிய பெயரைச் சொன்னான். நானும் தலையாட்டினேன். கையில் தீர்த்தம் விழுந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் விரல்களுக்கிடையே வழியவிட்டேன். என் ஈமானும் என் நேர்மையும் அந்த நீரோடு வழிந்ததுபோல் எனக்குத் தோன்றியது. வெற்றி பெற்றவர்கள்போலச் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம்.

அவனுடைய தாயார் என் நெற்றியைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டறிந்தார். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஈரத்துணி ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்.

"இந்த வீட்டுக்குள் உன் பெயரோடுதானே இத்தனை நாளும் வந்தாய்? பெருமாள் வீட்டுக்குப் போகும்போது மட்டும் அந்தப் பெயரை எங்கே கழற்றி வைத்தாய்? உன்னைப் பெற்றவள் கேட்டால் அவளுக்கு வலிக்காதா?"

தம் கோயிலின் தூய்மையைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் தாயாரின் வலியைப் பற்றியே பேசினார். அதற்குப்பின் அந்த வீட்டில் எனக்குத் தயிர்சாதம் குறையவில்லை. எனினும், நெற்றியைத் துடைத்த அந்தத் துணியின் ஈரம் இன்றுவரை எனக்கு உலரவில்லை. அவர் இன்று உயிரோடு இல்லை.

இதைச் சொல்லி முடித்தபோது மகள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மருமகன் இப்படி ஒரு காரியம் செய்தவன் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். அவர் மெல்ல, "தவ்பா செய்துகொண்டீர்களா, மாப்பிள்ளை?" என்று மட்டும் கேட்டார். "அன்றிரவே, மாமி" என்றேன்.

பிறகு மகளுக்குப் பதில் சொன்னேன். கொடிமரத்தில் நிற்பது இழிவு என்று அவள் கருதினாள். பிறப்பைக் காட்டி மனிதனைத் தடுப்பது இழிவுதான். ஒடுக்கப்பட்ட மக்களை, அதே தெய்வத்தின்மீது நம்பிக்கை கொண்டிருந்தும், கோயில் வாசலிலேயே தடுத்துவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1939இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துச் சென்றதும், 1947இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்ததும் அந்த அநீதியைக் களையத்தான். எங்கள் நிலை அதுவன்று. அந்த வழிபாட்டில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. உறுதிமொழி எழுதித் தந்தால் உள்ளே செல்லலாம் என்றாலும், இல்லாத நம்பிக்கையை இருப்பதாக எழுதித்தர ஒரு முஸ்லிமின் கை துணியலாமா? மக்காவின் ஹரம் எல்லைக்குள் முஸ்லிமல்லாதார் வருவதில்லை. அந்த எல்லையை மற்றவர் மதிக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கும்போது, பிறருடைய எல்லையை மறைந்து கடப்பது எப்படி நியாயமாகும்?

ஹஸரத் உமர் (ரலி) அவர்கள் ஏழாம் நூற்றாண்டில் ஜெரூசலத்துக்குச் சென்றபோது, கிறிஸ்தவர்களின் பெரிய ஆலயத்தில் இருக்கையில் தொழுகை நேரம் வந்தது. உள்ளேயே தொழலாம் என்று அங்கிருந்த தலைமைக்குரு இடம் கொடுத்தார். உமர் (ரலி) அவர்கள் வெளியே வந்து தொழுதார்கள். தாம் உள்ளே தொழுதால், பின்னாளில் முஸ்லிம்கள் அதைக் காட்டி அவ்வாலயத்தைத் தமதென்று கோரக்கூடும் என்று அஞ்சினார்கள் என வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்கள். நாட்டை ஆண்டவர்கள், அழைக்கப்பட்டவர்கள், எனினும் வாசலுக்கு வெளியே வந்து நின்றார்கள். நஜ்ரானிலிருந்து வந்த கிறிஸ்தவத் தூதுக்குழுவினர் மதீனாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியிலேயே தம் முறைப்படி வழிபட அனுமதிக்கப்பட்டதையும் சீறா நூல்கள் கூறுகின்றன. ராஜா மக்கன்லாலைப் பற்றி அவள் கேட்ட கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. நம் வாசலை எவ்வளவு திறந்துவைப்பது என்பது நம் கையில் உள்ள காரியம். பிறர் வாசலை அளப்பது நம் வேலையன்று.

"இவன் அன்றைக்கு ஆச்சி வீட்டில் சொன்னதும், நான் அன்றைக்கு இந்தக் கோயிலில் செய்ததும் ஒரே தவறுதான்" என்றேன். "இவன் அவர்களுடைய நம்பிக்கையை விளையாட்டாக எண்ணினான். நான் அவர்களுடைய நம்பிக்கையையும் நம்முடையதையும் சேர்த்தே விளையாட்டாக எண்ணிவிட்டேன்."

மகரிபுக்கு வாலாஜா பள்ளியில் தொழுதுவிட்டு வீடு திரும்பினோம். மகன் வழியெல்லாம் பேசவில்லை. மாடிப்படி ஏறியதும் எங்கள் கதவுக்கு வராமல் எதிர்க் கதவைத் தட்டினான். நான் தடுக்கவுமில்லை, உடன் செல்லவுமில்லை.

"ஆச்சி, நான் அன்றைக்குச் சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள்."

ஆச்சி அவன் தலையில் கைவைத்தார். "அதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேனப்பா" என்றார். மறக்கவில்லை என்பது அந்தக் கையின் நடுக்கத்தில் தெரிந்தது. உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து அவனிடம் தந்தார். "அதிரசம். பூசைக்கு வைக்குமுன்னே உங்களுக்கென்று எடுத்து வைத்தேன்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். "எப்போதும் அப்படித்தான்" என்றாள் அவள். "பதினோரு வருடமாகப் படைப்பதற்கு முன்பே நமக்குள்ளதைத் தனியே எடுத்துவைத்து விடுவார். படைத்ததை நாம் சாப்பிடமாட்டோம் என்று முதல் வருடம் நான் ஒருமுறைதான் சொன்னேன்."

நம்முடைய எல்லை எங்கே இருக்கிறது என்பதை ஆச்சி பதினோர் ஆண்டுகளாக அறிந்திருந்தார். அதை ஒருநாளும் தாண்டவில்லை. மேடைகளில் அந்தப் பலகாரத்தின் பெருமையைப் பேசிய எனக்கு, அதற்குப் பின்னிருந்த அந்தக் கவனம் அன்றிரவுதான் தெரிந்தது.

மாமி ஓர் அதிரசத்தை எடுத்துப் பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் போட்டுக்கொண்டார். "வரும் நோன்புக்கு ஆச்சியின் கஞ்சியைக் கறி சேர்க்காமல் தனியாகக் காய்ச்சவேண்டும்" என்றார். "இத்தனை வருடமாக நீ அதைக் கேட்டாயா, மகளே?"

என் மனைவி பதில் சொல்லாமல் தலைகுனிந்தாள். கேட்கவேண்டியவன் நானும்தான். இன்ஷா அல்லாஹ், வரும் ரமளானில் அந்தத் தூக்குச்சட்டிக்கு ஒரு தனி அடுப்பு எரியும்.